புதுத் தொழிலுக்கு வியாபாரத் திட்டம் எழுதுவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் எருமைத் தயிர் போட்டு, மண்முனைப் பாலம் தாண்டி ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடிக் கடைகளுக்குக் கொடுக்க நினைக்கிற ஒரு தங்கச்சி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கற்பனைதான். ஆனால் கீழே உள்ள கேள்விகள், திட்டம் எழுத உதவி கேட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் கேட்டவை. பதில்களில் வரும் பால் விலை, சட்டி விலை எல்லாம் கணக்குப் போடும் முறையைக் காட்ட நான் போட்டவை. உங்கள் ஊர் விலையை விசாரித்து அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கடன் எடுக்கும் எண்ணமே இல்லை. அப்படியிருந்தும் திட்டம் எழுத வேண்டுமா?

வேண்டும். வங்கிக்கென்று எழுதும்போது யாரும் கொஞ்சம் பூசி மெழுகத்தான் செய்வார்கள். தனக்கென்று எழுதினால் அந்தத் தேவை இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலைக்கு எதிரே போட்டோக் கொப்பிக் கடை போட்டேன். அதற்கு முதல் ஒரு நாள் காலையில் போய் நின்று பார்த்தேன். பக்கத்துக் கடையில் சனம் முட்டி மோதியது. நாளைக்கு 400 பக்கம் ஓடும் என்று முடிவு கட்டி, அதை 30ஆல் பெருக்கி, பிறகு 12ஆல் பெருக்கி, வந்த தொகையைப் பார்த்த சந்தோசத்தில் அன்றிரவு நித்திரையே வரவில்லை. சனி, ஞாயிறு பாடசாலை இல்லை என்பது அந்தப் பெருக்கலில் இல்லை. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளும் இல்லை. நான் பார்க்கப் போன நாள் தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரம் என்பதும் பிறகுதான் உறைத்தது. மெஷினுக்குப் போட்ட லீசிங் மட்டும் விடுமுறை எடுக்காமல் மாதா மாதம் வந்து நின்றது. பதினான்காவது மாதம் மெஷினைத் திருப்பிக் கொடுத்தேன். கொப்பியில் இரண்டு பக்கம் எழுதிப் பார்த்திருந்தால் கடையே போட்டிருக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. பழைய, சின்ன மெஷின் ஒன்றோடு தொடங்கியிருப்பேன்.

சரி, எதிலிருந்து தொடங்குவது?

கணினியைத் திறக்காதீர்கள். ஒரு சீ.ஆர். கொப்பியை விரித்து, இரண்டு பக்கத்துக்கும் குறுக்காகப் பன்னிரண்டு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மாதத்தின் பெயர். முதல் வரியில் அந்த மாதம் எவ்வளவு விற்கும் என்று எழுதுங்கள். வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக எழுதுவது நம் பக்கத்துக்குச் சரிவராது. இங்கே காசு வருடம் முழுக்க ஒரே மாதிரி ஓடுவதில்லை.

தயிரையே எடுப்போம். பெரும்போக வேளாண்மை வெட்டு முடிந்து நெல் விற்ற காசு வரும்போது, மாசி, பங்குனியில் கடைகளில் கொடுக்கல் வாங்கல் கூடும். நோன்பு மாதம் காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் விற்பனை வேறு மாதிரி. ஆனால் நோன்பு வருடா வருடம் 10, 11 நாள் முன்னால் வரும் என்பதால் போன வருடத்துக் கட்டத்தை அப்படியே பார்த்து எழுத முடியாது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, அப்புறம் மாமாங்கத்து ஆடி அமாவாசை, தான்தோன்றீஸ்வரர் தேர் என்று மச்சம் சாப்பிடாத நாட்கள் வரிசையாக வரும். அவை தயிருக்கு நல்ல நாட்கள். பாசிக்குடா ஹோட்டல்களுக்குச் சித்திரைக்குப் பிறகு புரட்டாதி வரைக்கும்தான் சீசன். அறுகம்பேயும் ஏறத்தாழ அப்படித்தான்.

இனிக் கார்த்திகை, மார்கழி. மழை. வயல் விதைத்தாயிற்று, மாடுகள் ஊருக்குள் நிற்க முடியாது, தூரத்து மேய்ச்சல் தரைக்குப் போய்விடும். பால் அங்கிருந்து வர வேண்டும். வெள்ளம் ஏறினால் கிரான் பாலத்தடி போன்ற இடங்களில் றோட்டே தெரியாது. பால் குறையும், ஓட்டோ கூலி கூடும், வாங்குகிறவர் கையிலும் காசு இருக்காது, வயலில் போட்டிருப்பார்.

அந்த இரண்டு கட்டத்தையும் முதலில் நிரப்புங்கள். தொழில் தாக்குப் பிடிக்குமா என்பதை அவைதான் சொல்லும். நல்ல மாதத்தை வைத்துக் கடன் தவணையைத் தீர்மானித்தவர்கள் மார்கழியில் காதுத்தோட்டை அடகுக்குக் கொண்டு போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு விற்கும் என்று எப்படித் தெரியும்? இன்னும் தொடங்கவே இல்லையே.

போய்க் கேட்க வேண்டும். இருபது கடைக்குப் போங்கள். கிழமைக்கு எத்தனை சட்டி போகிறது, இப்போது யார் கொடுக்கிறார், காசு உடனேயா அடுத்த முறையா, மிஞ்சிப் புளித்துப்போனால் நட்டம் யாருக்கு. இந்த நாலும் போதும். கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள்.

நம் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "கொண்டு வாங்கோ, பாப்பம்" என்பது ஓடர் இல்லை. அப்படிச் சொன்ன கடைகளைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். எண்ணிக்கை சொன்ன கடைகளை மட்டும் எழுதி, அந்த எண்ணிக்கையிலும் பாதியைப் போடுங்கள். இரண்டு கிழமைக்குப் பத்துப் பத்துச் சட்டி கொடுத்துப் பார்த்து எழுதினால் அதைவிட நல்லது. அந்த இரண்டு கிழமைக் கணக்கை வங்கியில் காட்டிப் பாருங்கள், மனேஜர் நிமிர்ந்து உட்காருவார்.

போட்டியாளர் பகுதியில் என்ன எழுதுவது? எங்கள் ஊரில் தயிர் போடுகிறவர் வேறு யாரும் இல்லை.

"போட்டி இல்லை" என்று மட்டும் எழுத வேண்டாம். கடைக் குளிர்பெட்டியில் இருக்கும் யோகட் கப் உங்கள் போட்டியாளர்தான். இரண்டு மாடு வைத்துத் தானே உறை ஊற்றிக்கொள்ளும் வீடும் போட்டிதான். யாருமே செய்யாத தொழில் என்றால், முன்பு யாரோ செய்து விட்டுவிட்டார்களா என்று ஊரில் வயதான ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கதை கிடைக்கும்.

செலவுக் கணக்கு எப்படிப் போடுவது?

இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம். செலவில் இரண்டு சாதி உண்டு. சட்டிக்குச் சட்டி கூடிக்கொண்டே போகும் செலவு ஒன்று. ஒரு சட்டிகூட விற்காவிட்டாலும் மாத முடிவில் வாசலில் நிற்கும் செலவு மற்றது.

முதல் சாதி: ஒரு லீற்றர் சட்டிக்குப் பால் 220 ரூபா, மண் சட்டி 90, காய்ச்ச விறகோ காஸோ 15, மேல் தாள், நூல், லேபல் 10, ஓட்டோவில் ஏற்றி இறக்க 20. மொத்தம் 355. கடைக்கு 450க்குக் கொடுக்கிறீர்கள் என்றால் கையில் மிஞ்சுவது 95.

இரண்டாம் சாதி: அறை வாடகை 15,000, உதவிக்கு ஒருவருக்குச் சம்பளம் 30,000, அவருக்கு ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதமும் ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமுமாக உங்கள் பங்கு 4,500, கரண்ட், தண்ணீர், போன் 6,000, உங்கள் சம்பளம் 40,000, கடன் தவணை 14,500. கூட்டினால் 110,000.

110,000ஐ 95ஆல் பிரித்தால் 1,158. மாதம் அவ்வளவு சட்டி விற்றால் கையைக் கடிக்காது. பலர் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுவார்கள். மூட வேண்டாம், இன்னும் ஒன்று இருக்கிறது. நூறு சட்டியில் மூன்று உடைந்தோ புளித்தோ போகும் என்று வைப்போம். நூறுக்கும் செலவு 35,500. ஆனால் விற்பது 97தான், வரவு 43,650. மிச்சம் 8,150. அதாவது சட்டிக்கு 95 இல்லை, 81 ரூபா 50 சதம். இப்போது பிரித்துப் பாருங்கள்: 1,350. நூற்றுக்கு மூன்று என்று சாதாரணமாகச் சொன்ன உடைவுக்காக மாதம் ஏறத்தாழ 190 சட்டி கூடப் போட வேண்டியிருக்கிறது. நாளைக்கு 39 என்று நினைத்தது 45 ஆகிவிட்டது. சட்டிகளுக்கு நடுவே வைக்கோலை நன்றாகத் திணித்து அடுக்கும் பையனுக்கு நல்ல சம்பளம் கொடுங்கள்.

பேக்கரியாக இருந்தால் மிஞ்சும் பாண், மரக்கறிக் கடையாக இருந்தால் வாடல், தையல் என்றால் வெட்டுத் துணி. எல்லாத் தொழிலிலும் இந்த மூன்று சட்டி எங்கேயோ இருக்கும்.

என் சம்பளத்தையும் ஏன் செலவில் போடுவது? இலாபம் எனக்குத்தானே.

இலாபம் தொழிலுக்கு, சம்பளம் உங்களுக்கு. போடாவிட்டால் வீட்டுச் செலவுக்குக் கல்லாவில் கை வைப்பீர்கள். எவ்வளவு எடுத்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. அம்மா பால் காய்ச்சுகிறார், தம்பி ஓட்டோ ஓடுகிறார் என்றால் அவர்களுக்கும் ஒரு தொகை எழுதுங்கள். தம்பி கட்டாருக்குப் போகும் நாள் வரும். அன்று வெளியாள் ஒருவரைப் பிடித்தால்தான் அந்த ஓட்டோவின் உண்மை விலை தெரியவரும்.

மாதா மாதம் இலாபம் என்று கணக்குக் காட்டுகிறது. ஆனால் கையில் காசு இல்லை. எங்கே பிழை?

பிழை இல்லை, காசு கடைகளில் நிற்கிறது. நாளைக்கு 45 சட்டி, ஒவ்வொன்றுக்கும் 355 ரூபா போட்டால், நாளொன்றுக்கு 15,975 ரூபா வெளியே போகிறது. கடைக்காரர் பத்து நாள் கழித்துத்தான் காசு தருவார் என்றால், எந்த நேரமும் ஒரு இலட்சத்து 60 ஆயிரம் ரூபா உங்களுடையது, ஆனால் உங்களிடம் இல்லை. பால்காரர் பத்து நாள் பொறுப்பாரா? மாட்டார்.

வங்கிப் படிவத்தில் இதற்குத் தொழிற்படு மூலதனம் என்று பெயர். குளிர்பெட்டிக்கும் பால் கானுக்கும் கடன் கேட்டுவிட்டு இதைக் கேட்காமல் வருபவர்கள்தான் அதிகம். பிறகு இந்த ஓட்டையை அடைக்க, வீட்டு வாசலில் கிழமைக் கிழமை கட்டும் நுண்கடனை எடுப்பார்கள். அந்தக் கதை எங்கே போய் முடியும் என்பதை நம் ஊர்ப் பெண்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொடக்கத்திலேயே இந்தத் தொகையையும் சேர்த்துக் கேளுங்கள்.

பதிவு, அனுமதி என்று என்னென்ன எடுக்க வேண்டும்?

தனியாள் தொழிலோ கூட்டுத் தொழிலோ என்றால் வியாபாரப் பெயர்ப் பதிவு உங்கள் பிரதேச செயலகத்தில். கிராம உத்தியோகத்தரின் கையெழுத்தும், இடம் உங்களுடையது அல்லது வாடகைக்கு எடுத்தது என்பதற்கான ஆதாரமும் கேட்பார்கள். வியாபார அனுமதி பிரதேச சபையிலோ நகர, மாநகர சபையிலோ. அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். உணவு என்றபடியால் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து இடத்தைப் பார்ப்பார். அறையைக் கட்டி முடித்த பிறகு அவரைக் கூப்பிடாமல், கட்டுவதற்கு முன் நீங்கள் போய்க் கேளுங்கள். இல்லாவிட்டால் சுவரை இரண்டு தரம் இடிக்க வேண்டி வரும். கம்பனியாகப் பதிய வேண்டும் என்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ். நாளைக்கு 45 சட்டித் தயிருக்கு அது இப்போதைக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

உள்நாட்டு இறைவரியில் வரி இலக்கம் எடுத்துவிடுங்கள். 2025 ஏப்ரல் முதல் தனியாள் ஒருவரின் வருட வருமானத்தில் 18 இலட்சம் ரூபா வரை விடுபாடு இருக்கிறது. அதனால் இலக்கம் எடுத்த உடனேயே வரி கட்ட வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை.

இவை எல்லாவற்றையும் திட்டத்தில் ஒரு பக்கத்தில் எழுதி, பக்கத்தில் கட்டணத்தையும் எத்தனை கிழமை எடுக்கும் என்பதையும் போடுங்கள். அந்தக் கிழமைகளுக்கும் வாடகை ஓடும்.

எத்தனை பக்கம் எழுதுவது? தமிழில் எழுதலாமா?

தாராளமாகத் தமிழில் எழுதலாம். எட்டுப் பத்துப் பக்கம் போதும். கிளையைத் தாண்டிக் கொழும்புக்குப் போகக்கூடிய தொகை என்றால் ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கம் வைப்பது நல்லது. மனேஜரிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். தூரநோக்கு, பணிநோக்கு என்று இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். நான் அதை ஒரு வரியில் முடித்துவிடச் சொல்வேன்.

வங்கி உண்மையில் எதைப் பார்க்கிறது?

முதலில் கிரிப் அறிக்கை, அதாவது கடன் தகவல் பணியகத்தில் உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்பது. ஐந்து வருடத்துக்கு முன் மச்சானின் மோட்டார் சைக்கிள் லீசிங்குக்குப் பிணை நின்றிருந்தால் அதுவும் அங்கே தெரியும். வங்கிக்குப் போகும் முன் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம்.

அடுத்தது காணி உறுதி. நம் பக்கத்தில் வீடு வளவு சீதனமாகப் பெண் பிள்ளையின் பெயரில்தான் போகும். "எங்கள் வீட்டை ஈடு வைக்கலாம்" என்று ஆம்பிளைகள் திட்டத்தில் எழுதிவிடுவார்கள்; உறுதி அக்காவின் பெயரில் இருக்கும். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். கேளுங்கள், அத்தானையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி என்றால் வங்கி தயங்கும், அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

மூன்றாவது, உங்கள் கைக்காசு. மொத்தத் தொகையையும் வங்கியிடமே கேட்டால், "உங்களுக்கே நம்பிக்கை இல்லாத தொழிலா?" என்று வாய் திறக்காமல் கேட்பார்கள். சீட்டுக் காசு, நகை, கனடாவில் இருக்கும் அண்ணன் அனுப்புவது எதுவானாலும் எழுதுங்கள். அண்ணனின் காசு கடனா, பங்கா, சும்மா தருவதா என்பதை அண்ணனிடம் தெளிவாகக் கேட்டு எழுதுங்கள்.

2022 மாதிரி இன்னொரு தரம் வந்தால்? வட்டியை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான். அந்த வருடம் ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி உயர்த்தியது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

5 இலட்சம் ரூபா, நான்கு வருடம், 17 வீத வட்டி. தவணை 14,500 அளவில் வரும். வட்டி 27 வீதத்துக்கு ஏறினால் ஏறத்தாழ 17,100. அந்த 2,600ஐ ஈடுகட்ட மாதம் 32 சட்டி, அதாவது நாளைக்கு ஒரு சட்டி கூட விற்க வேண்டும். சமாளிக்கலாம். பால் லீற்றருக்கு 20 ரூபா கூடி, உங்களால் விலையைக் கூட்ட முடியாமல் போனால்? மிச்சம் 61 ரூபா 50 சதமாகும். 1,350 சட்டி 1,789 ஆகும். நாளைக்கு 45 சட்டி 60 ஆகும். ஆக, வட்டியை நினைத்து நித்திரை கெடுவதை விட, மூன்று பால்காரரோடு கதைத்து வைப்பது பிரயோசனம். திட்டத்தில் "ஆபத்துக்கள்" என்று ஒரு பகுதி வரும். அங்கே "இயற்கை அனர்த்தம், பொருளாதார நெருக்கடி" என்று பொதுவாக எழுதாமல் இப்படி ஒரு கணக்கைப் போடுங்கள்.

காசு கொடுத்து ஆள் வைத்து எழுதலாமா? செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறதாமே?

வசனத்தைத் திருத்த, தட்டச்சு அடிக்க உதவி எடுங்கள். எண்களை மட்டும் யாரிடமும் விடாதீர்கள். ஒருமுறை ஒரு தம்பி அழகாகப் பைண்ட் பண்ணிய 40 பக்கத் திட்டத்தோடு வந்தார். உள்ளே அவருடைய ஆட்டுப் பண்ணைக்குப் பதிலாக, எட்டாம் பக்கத்தில் வேறு யாருடையதோ கோழிப் பண்ணை இருந்தது. எழுதிக் கொடுத்தவர் பழைய கோப்பில் பெயரை மாற்றியிருக்கிறார். வங்கியில் உங்களைக் கேள்வி கேட்கும்போது எழுதியவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

காசில்லாமல் உதவி வேண்டுமென்றால், பிரதேச செயலகத்தில் சிறுதொழில் முயற்சி அபிவிருத்திப் பிரிவு உத்தியோகத்தர் இருப்பார், சிறு தொழில்களுக்குத் தொழில்நுட்ப உதவி செய்யும் விதாதா நிலையமும் உண்டு. பால் பதப்படுத்தல் பற்றிக் கேட்க வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது.

கூட்டாளி ஒருவரைச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன்.

யார் எவ்வளவு போடுகிறார், யார் விடிய எழும்பிப் பால் எடுக்கப் போகிறார், ஒருவர் விலகினால் குளிர்பெட்டி யாருக்கு. இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்து வையுங்கள். சொந்தக்காரர் என்றால் கட்டாயம் வையுங்கள்.

வங்கி இல்லை என்று சொல்லிவிட்டது. இனி?

ஏன் என்று கேளுங்கள். பலர் ரோசத்தில் எழும்பி வந்துவிடுவார்கள். ஈடு போதாதா, கிரிப்பில் ஏதாவது இருக்கிறதா, இல்லை கணக்கு நம்பும்படி இல்லையா என்று தெரிந்தால்தான் அடுத்த வங்கிக்கு எதைத் திருத்திக்கொண்டு போவது என்று தெரியும். அதுவரைக்கும் 45 சட்டி என்பதைப் பத்தாக்கி, வாடகை அறையும் ஆளும் இல்லாமல், வீட்டுக் குசினியிலேயே அனுமதியோடு தொடங்க முடியுமா என்று கொப்பியில் போட்டுப் பாருங்கள். ஆறு மாதம் பத்துச் சட்டி விற்ற கணக்குக் கொப்பிக்கு வங்கியில் தனி மரியாதை உண்டு.

தொழில் தொடங்கியாயிற்று. திட்டத்தை இனி என்ன செய்வது?

பன்னிரண்டு கட்டத்துக்கும் கீழே ஒரு வரி விட்டு வைத்திருப்பீர்கள். மாதம் முடிய, உண்மையில் விற்றதை அங்கே சிவப்புப் பேனாவால் எழுதுங்கள். மேலே 1,350, கீழே 900 என்று இரண்டு மாதம் தொடர்ந்து வந்தால் மூன்றாவது மாதத்துக்குக் காத்திருக்காமல் கடைகளுக்குப் போய் விசாரியுங்கள். மேலே உள்ளதை அழித்துக் கீழே உள்ளதற்குச் சமமாக்கும் ஆட்களும் உண்டு, அது வேண்டாம். கொப்பியைத் தயிர் போடும் அறையில் வைக்காதீர்கள், ஈரத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும்.